யார் கொடுத்த பால்?

அத்தியாயம் 11

அம்மணிக்கு வயிறு வலித்தால் அழமாட்டாள். மூலையில் இருக்கும் டிரங்குப் பெட்டியின் விளிம்பில் வயிற்றை வைத்து அழுத்திக்கொண்டு, கால்கள் தரையில் பாவாமல் தொங்குவாள். ஆறு வயதாகியும் பேச்சு வராத குழந்தை. அவள் தொங்குவதைப் பார்த்துத்தான் வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆடி பிறந்து மூன்று வெள்ளிக்கிழமைகள் போயிருந்தன. மூன்றிலும் அவள் தொங்கினாள்.

முதல் வெள்ளியன்று வயிற்றுப்போக்கோடு போயிற்று. அடுத்த வெள்ளியில் முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. மூன்றாவது வெள்ளியில் உதடு வீங்கிவிட்டது. மறுநாள் விடியும்வரை தலையைச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தாள். இன்று நான்காவது வெள்ளி.

தெய்வநாயகிக்குக் காரணம் தெரியும். தனக்குத் தெரியாமல் யாரோ குழந்தைக்குப் பால் கொடுக்கிறார்கள்.

வைகாசியில் வேலூருக்குக் கூட்டிப் போனபோது அங்கிருந்த டாக்டரம்மா இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகச் சொன்னார். குழந்தை யார் முகத்தையும் பார்க்காதது, நுனிக்காலில் நடப்பது, நூல் கட்டைகளை நிறம் பிரித்து வரிசை வைப்பது, பேசாதது, இதற்கெல்லாம் ஆட்டிசம் என்று பெயர். பெற்றவர்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. அது வேறு. பால், கோதுமை, வேர்க்கடலை மூன்றும் அவள் உடம்புக்கு ஆகாமல் இருப்பது வேறு. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தைக்கு வயிறு சரியாக இருந்தாலே பாதி நிம்மதி என்றார். மூன்றையும் கண்ணில் காட்டக்கூடாது, மோர், நெய்கூட ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அன்று முதல் அந்த வீட்டில் கடலை எண்ணெய் போய் நல்லெண்ணெய் வந்தது. பால்காரரை நிறுத்தியாயிற்று. பெரியவர்களும் வறக்காப்பிதான். பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் பால் கொடுக்காதவள் என்று தெருவில் பேசினார்கள். தெய்வநாயகி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழு வாரம் குழந்தை விடிய விடியத் தூங்கினாள். குழைந்த சோறும் பூசணிக்காயும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். தறி ஓடும்போது அதன் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தத்துக்குத் தக்கபடி உடம்பை ஆட்டிச் சிரித்தாள். ஆடி வந்ததும் எல்லாம் கெட்டது.

வீட்டில் மூன்று பெரியவர்கள். புருஷன் தணிகாசலம் குழித்தறியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவான். மற்றவள் அவனுடைய அக்கா ராஜம்மாள். வந்தவாசியில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தெய்வநாயகி அவளை அண்ணி என்று கூப்பிடுவாள்.

கூட்டுறவுச் சங்கத்துக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பது தெய்வநாயகியின் வேலை. வெள்ளிக்கிழமை காலையில் சுற்றிய நூலைக் கொடுத்துவிட்டுப் புது நூல் வாங்கி வர இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் குழந்தை ராஜம்மாள் பொறுப்பு.

அதனால் சந்தேகம் வேறு எங்கும் போக வழியில்லை. ஒரு சொட்டுப் பாலால் என்ன ஆகிவிடும், ஊர்க் குழந்தைகள் எல்லாம் குடிக்கவில்லையா என்று ஆரம்பத்திலேயே சொன்னவள் ராஜம்மாள்தான்.

அன்று காலை நூல் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, தெய்வநாயகி சமையல்கட்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு பாத்திரமாக மோந்து பார்த்தாள். பிறகு நாத்தனாரின் துணிப்பையை எடுத்து நடு வீட்டில் கொட்டினாள். இரண்டு புடவை, ஒரு திருநீற்றுச் சிமிழ், இறந்துபோன புருஷனின் போட்டோ, வெற்றிலைப் பை. வேறு ஒன்றும் இல்லை.

ராஜம்மாள் கொல்லையிலிருந்து ஈரக்கையோடு வந்து அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா தேடறே, நாயகி?"

"நான் இல்லாதப்ப புள்ளைக்கு இன்னா குடுக்கிறீங்கன்னு தேடறேன்."

ராஜம்மாள் தம்பி பக்கம் திரும்பினாள். தணிகாசலம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தான். அறுந்த இழை ஒன்றை முடிபோட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே உட்கார்ந்து, புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். போட்டோவை முந்தானையால் துடைத்து மேலே வைத்தாள். வந்தவாசியில் கொழுந்தன் வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். கொழுந்தன் வீட்டில் அவளுக்கு இடம் இல்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும். வாசலைத் தாண்டும்போது அம்மணியின் தலையைத் தொடப் போனவள், தெய்வநாயகி பார்ப்பது தெரிந்து கையை இழுத்துக்கொண்டாள்.

தணிகாசலம் அப்போதும் அவளைத் தடுக்கவில்லை. அக்கா என்று பார்க்காமல் புருஷன் தன் பக்கம் நிற்கிறான் என்று தெய்வநாயகி எடுத்துக்கொண்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். நீ போய்ட்டு வா, நான் இருக்கிறேன் என்றான்.

தெருவில் பாவு போட்டிருந்தார்கள். கம்பத்துக்குக் கம்பம் நீளமாக இழுத்துக் கட்டிய பட்டு இழைகளுக்கு இரு பக்கமும் ஆட்கள் குனிந்து சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஓரமாக ஒதுங்கி நடந்தாள். மனதில் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. கூடவே, அந்தப் பையில் ஒன்றும் கிடைக்காதது உறுத்தியது.

ஆறாவது வீட்டுச் சின்னக்கண்ணு வாசலில் ஈர்க்குச்சித் துடைப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை என்று முதலில் தெரிவது அவளுக்குத்தான். ராஜம்மாள் பையோடு போனதைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. சுற்றி வளைத்துக் கால் மணி நேரம் விசாரித்தாள். தெய்வநாயகி பிடி கொடுக்காமல் நகர்ந்தாள். சின்னக்கண்ணு விடவில்லை.

"ஏம்மா, உங்க வூட்டுக்காரருக்கு வெள்ளிக்கெழம லீவா?"

"லீவு ஏது, தறிலதான் இருக்கார்."

"இல்லியே. ரெண்டு வாரமா பாத்துகினுதான் இருக்கேன். நீ அந்தாண்ட போனதும் உங்க தறி நின்னுடுது. அப்பால அந்தக் கோடி டீக்கடையிலேருந்து சொம்பும் கையுமா வராரு."

தெய்வநாயகி அங்கேயே நின்றுவிட்டாள்.

டீ குடிக்கப் போயிருப்பார், அக்காவுக்கும் சேர்த்து வாங்கியிருப்பார் என்று நினைக்கப் பார்த்தாள். வறக்காப்பி குடித்துச் சலித்த மனுஷன், ஒரு வாய் பால் டீக்கு ஆசைப்பட்டிருக்கலாம். ஆனால் சொம்பு எதற்கு?

இரண்டு வாரம் என்கிறாள் இவள். குழந்தைக்கு முடியாமல் போனது மூன்று வாரம். கணக்கு இடித்தது. அதை யோசிக்க நேரம் இல்லை. நூல் மூட்டையைச் சின்னக்கண்ணு வீட்டுப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

தெரு முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் தன் வீட்டுச் சத்தம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அது கேட்கவில்லை.

முன் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சந்து வழியாகக் கொல்லைக்குப் போய் உள்ளே நுழைந்தாள்.

தணிகாசலம் நடு வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் அம்மணி. பக்கத்தில் சொம்பு. பிரித்த பொட்டலத்தில் பச்சையும் கறுப்புமாக ஏதோ பொடி. குழந்தை இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஆசையாகக் குடித்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் காலி.

தெய்வநாயகி டம்ளரைப் பிடுங்கினாள். பால் தரையில் கொட்டியது. அவன் எழுந்திருக்கவில்லை, மறைக்கவும் இல்லை. கையை மட்டும் உயர்த்தினான்.

"இரு. ஒரு நிமிஷம் சும்மா இரு. அவ பேசுவா."

"பைத்தியமா உங்களுக்கு?"

"போன வாரம் பேசினா, தெய்வா. கேளு."

அம்மணி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். யார் முகத்தையும் பார்க்காத குழந்தை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்து, உதடுகளை ஒட்டிப் பிரித்தாள்.

"பா."

தெய்வநாயகி ஆறு வருஷமாகக் காத்திருந்த குரல். கொட்டின பால் காலடியில் பரவிக்கொண்டிருந்தது. டம்ளரின் அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இன்னொரு தரம் சொல்லுவாளா என்றுதான் அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதைப் பின்னால் எத்தனையோ நாள் நினைத்து அவள் கூசிப்போனாள்.

குழந்தை கழுத்தைச் சொறிந்துகொண்டாள். பிறகு காதை. மேல் உதடு கண்ணெதிரே தடித்தது. இருமினாள். குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. அது நின்ற பிறகு மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம்.

தணிகாசலம் சைக்கிளை வெளியே தள்ளினான். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேரியரில் ஏறினாள். பாவு போட்டிருந்த தெருவில் சைக்கிள் நுழைந்ததும் ஆட்கள் சத்தம் போட்டார்கள். குழந்தையைப் பார்த்ததும் கம்பத்தோடு பாவைத் தூக்கிப் பிடித்து வழி விட்டார்கள். அம்மணியை யாராவது அணைத்துப் பிடித்தால் திமிறிக்கொண்டு இறங்கிவிடுவாள். இன்று அசையாமல் கிடந்தாள். அதுதான் தெய்வநாயகியை அதிகமாகப் பயமுறுத்தியது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் டாக்டர் சக்கரவர்த்தியின் கிளினிக். வேலூர் சீட்டைப் போன வாரமே அவரிடம் காட்டியிருந்ததால் கேள்வி கேட்டு நேரம் போக்கவில்லை. தொடையில் ஒரு ஊசி, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. குழந்தையின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடி பத்து நிமிஷம் அங்கேயே நின்றார். விசில் சத்தம் மெள்ளக் குறைந்தது. உதட்டில் நிறம் திரும்பியது.

டாக்டர் இருவரையும் பார்த்து நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் உடம்பு முன்பைவிட மோசமாக எதிர்க்கும். இன்று கால் மணி நேரம் தாமதித்து வந்திருந்தால் ஊசி போட்டுப் பிரயோசனம் இருந்திருக்காது. சாயங்காலம்வரை இங்கேயே இருக்கட்டும்.

குழந்தை தூங்கிய பிறகு வராந்தாவில் வைத்துத் தணிகாசலம் சொன்னான். சேத்துப்பட்டுப் பக்கம் துரைக்கண்ணு என்று ஒரு வைத்தியர். பேசாத பிள்ளைகளைப் பேச வைக்கிறார் என்று யாரோ சொல்லிப் போய்ப் பார்த்திருக்கிறான். பொடியைப் பசும்பாலில் கலந்து வெள்ளிக்கிழமை தோறும் கொடுக்கச் சொன்னாராம். தடிப்பு வந்ததைப் போய்ச் சொன்னதற்கு, உள்ளே இருக்கிற கெட்டது வெளியே போகிறது, அடுத்த தரம் டம்ளர் நிறையக் கொடு என்றாராம்.

"நீங்க நம்பினீங்களா?"

"நம்பல. ஆனா போன வாரம் குடிச்சிட்டு என்னைப் பாத்து 'பா'ன்னா. அப்பான்னு கூப்பிட்டா, தெய்வா. அதுக்கப்புறம் நம்பாம இருக்க முடியல."

அவன் அழுதான். தறியில் உட்கார்ந்து தோள் அகன்ற மனுஷன், சின்னப் பெஞ்சில் குறுகி உட்கார்ந்து அழுதான்.

குழந்தை கேட்டது அப்பாவை இல்லை, பாலாக இருக்கலாம் என்று தெய்வநாயகிக்கு நாக்கு நுனிவரை வந்தது. டம்ளரைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாளே என்றும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்டாள்.

"காலைல உங்க அக்கா உங்களப் பாத்தாங்களே. அப்ப ஏன் வாய தொறக்கல?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இன்னும் ஏதாவது மறைக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை, எல்லாம் சொல்லிவிட்டேன், அம்மணி மேல் சத்தியம் என்றான். மூன்று வாரமும் நீங்கள்தானா என்றதற்கு, இல்லை, இரண்டு வாரம்தான், முதல் வெள்ளி எனக்குச் சேத்துப்பட்டுக்காரரைத் தெரியவே தெரியாது என்றான்.

மூன்று மணிக்குக் குழந்தை விழித்து, வெந்நீர் இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்கினாள். அவனை அங்கே உட்கார வைத்துவிட்டு, நர்ஸிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தெய்வநாயகி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். வந்தவாசி பஸ் கண்டக்டர் யாரிடமாவது ராஜம்மாளுக்குத் தகவல் சொல்லி அனுப்ப முடியுமா என்று பார்க்கத்தான் போனாள்.

அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. கொட்டகைக்கு அடியில், பையை மடியில் வைத்துக்கொண்டு ராஜம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து நாலைந்து வந்தவாசி பஸ்கள் போயிருக்கும். எதிலும் ஏறவில்லை.

தெய்வநாயகி பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னாள். பையைக் கொட்டினது தப்பு, என்னை மன்னிச்சுடுங்க அண்ணி என்றாள். கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தாள், தைரியம் வரவில்லை.

ராஜம்மாள் ரோட்டையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை பிழைத்துவிட்டாள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மன்னிப்புலாம் கேக்காத. மொத வெள்ளி நான்தான்."

தெய்வநாயகி திரும்பிப் பார்த்தாள்.

"அம்மன் கோயில் கூழு. ஆசையா வாயத் தொறந்தா, ரெண்டு கரண்டி ஊட்டினேன். அதுல மோர் ஊத்தியிருந்தாங்க. நீ பால்தானே சொன்ன, மோருன்னு எனக்குத் தோணவே இல்ல. பெட்டில தொங்கறப்பதான் புரிஞ்சுது. சொன்னா வீட்ட வுட்டு அனுப்பிடுவியோன்னு பயந்துகினு இருந்துட்டேன்."

வேலூரில் டாக்டரம்மா மோர் என்றும் சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொன்னோமா, பால் என்று மட்டும்தான் சொன்னோமா என்று தெய்வநாயகி யோசித்தாள். நினைவு வரவில்லை. கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை.

"அப்புறம் அவர் குடுத்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பொடி வாசன வந்துது. தம்பிதான் சொல்லாதன்னான். நானும் அவ பேசினா போதும்னு இருந்தேன்." ராஜம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "காலைல அவன் வாயால சொல்லட்டும்னுதான் அவனைப் பாத்தேன்."

வேலூர் பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. தெய்வநாயகி எழுந்து பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். வாங்க போலாம் என்றாள். இவர்களை நம்பலாமா என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் அம்மணிக்கு வேறு மனிதர்கள் இல்லை.

நாலடி நடந்ததும் ராஜம்மாள் நின்றாள்.

"நாளைக்கு அந்த ஆளு வரேன்னானே, தம்பி அத வேணான்னு சொல்லிட்டானா?"

"எந்த ஆளு?"

"சேத்துப்பட்டு வைத்தியன். புதன்கிழம நீ ரேஷன் கடைக்குப் போயிருந்தியே, அப்ப வூட்டுக்கே வந்தான். புள்ளைய தன் எடத்துல பன்னெண்டு நாளு வெச்சிகினு வைத்தியம் பாக்கணும், தாய்க்காரி கூட வரக்கூடாதுன்னான். சனிக்கிழம வரச் சொல்லித் தம்பி ஒத்துக்கினான். உன்கிட்ட சொல்லலியா?"

தெய்வநாயகி அப்போதே நடையை எட்டிப் போட்டாள். கிளினிக் வரை இருநூறு அடி இருக்கும். அவள் ஓடவில்லை, ஆனால் ராஜம்மாளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

கட்டிலில் குழந்தை இருந்தாள். விழித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையின் கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். தணிகாசலம் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கால்களை மெள்ளப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். பார்க்கிறவர்கள் யாரும் அவனை நல்ல தகப்பன் என்றுதான் சொல்லுவார்கள். பொய்யும் இல்லை.

தெய்வநாயகி கட்டிலின் மறுபக்கம் போய் நின்றாள். குரலை உயர்த்தினால் அம்மணி காதைப் பொத்திக்கொள்வாள் என்பதால் மெதுவாகவே கேட்டாள்.

"நாளைக்கு நம்ம வூட்டுக்கு யார் வராங்க?"

காலைப் பிடித்துக்கொண்டிருந்த கை நின்றது. தணிகாசலம் நிமிர்ந்தான். அவன் பார்த்தது மனைவியை இல்லை. வாசற்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற அக்காவைப் பார்த்தான்.